பச்சைப் பொத்தான்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில், வீடியோ கேம் பெட்டிகளுக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் ஒருநாளும் செல்லுபடி ஆனதில்லை. முதலில் வந்தது ஊதுற பெட்டி. கேசட்டைச் செருகினால் திரையில் கோடு கோடாக ஓடும். வெளியே எடுத்து அடிப்பக்கத்தில் நாலு ஊது ஊதிச் செருகினால் படம் வரும். அடுத்து வந்தது கவுந்த பெட்டி. சி.டி. தட்டுப் போட்டு ஓட்டுகிற மெஷின் அது. வந்த கொஞ்ச நாளிலேயே, நேராக வைத்தால் தட்டைப் படிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்தது. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சமர்த்தாக ஓடும். மூன்றாவது பெட்டி, மகன் வேலைக்குப் போன புதிதில் அவனே தூக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பெயர் வைக்கிற அளவுக்கு மூன்று பேரும் சேர்ந்தாற்போல் அதன் முன்னால் உட்கார்ந்ததில்லை.

மூன்றில் எது உசத்தி என்று மெக்கானிக்கைக் கேட்டால் ஊதுற பெட்டி என்பார். காரணம் வேறொன்றும் இல்லை, அதில்தான் அவர் ஜெயித்தார். டாங்கியை டாங்கி சுடுகிற விளையாட்டு; எதிராளிக்கு வயது ஐந்து. வாண்டு என்றுதான் அவனை வீட்டில் கூப்பிட்டார்கள், ஆறடி வளர்ந்த பிறகும் அதுதான் பெயர். அப்பா ஜெயிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அம்மாக்காரி பின்னாலிருந்து அவர் இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டிவிடுவாள். டாங்கி எங்கேயோ போய் முட்டிக்கொள்ளும். "இது போங்கு" என்று அவர் கத்துவார். கேசட் மக்கர் செய்தால் அம்மா ஊதினால்தான் சரியாகும் என்று வாண்டு சத்தியம் செய்வான்; அவளும் பெரிய வித்தைக்காரி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஊதுவாள்.

அவளைக் கேட்டால் கவுந்த பெட்டிதான். பள்ளி விடுமுறையில் வாண்டு காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தபோது அது ஓடிக்கொண்டே இருந்தது. சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவளிடம், விளையாட்டுக்குள் இன்றைக்கு என்னென்ன நடந்தது, யார் யாரை ஏமாற்றினான், எந்தக் கோட்டை விழுந்தது என்று சொந்தக்காரர் வீட்டு வம்பைச் சொல்வதுபோல் அவன் ஒப்பிப்பான். அவளுக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள்.

அந்த வாண்டுதான் இப்போது இல்லை. செத்துவிட்டானா இருக்கிறானா என்றே தெரியவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது வீட்டை விட்டுப் போனவன். மழை முடிந்து, வெயில் வந்து, வெயிலும் பழையதாகிவிட்டது.

போன விதத்தையும் சொல்லிவிட வேண்டும். குடோனில் பார்த்த வேலை போய்விட்டது, அடுத்த வேலை கிடைக்கவில்லை. விடிந்தால் எழுந்து அந்த மூன்றாவது பெட்டியின் முன்னால் உட்காருவான், பொழுது சாய்ந்தாலும் அங்கேயே இருப்பான். மெக்கானிக் ஒருநாள் லிஃப்ட் ஏறி இறங்குகிற ஷாஃப்ட்டுக்குள் வியர்த்து விறுவிறுத்து வேலை பார்த்துவிட்டு வந்தார். அவர் வந்ததைக்கூட மகன் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். "இதுதான் உலகம்னா வெளிய போய் உக்காந்து விளையாடு, என் வீட்டுல வேணாம்" என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். வாண்டு போனை மேஜைமேல் வைத்தான், செருப்பை மாட்டினான், போனான். நாலு எட்டு நடந்துவிட்டு வந்துவிடுவான் என்று அவர் நினைத்தார். ஈவிரக்கம் இல்லாமல், நிம்மதியாகச் சாப்பிடவும் செய்தார்.

அதற்கப்புறம் அவர்கள் தேடாத இடம் இல்லை. போலீஸ்காரர், "வயசு வந்த பையன், தானா போயிருக்கான், நாங்க என்ன பண்ணுறது?" என்று கையை விரித்தார். கூடப் படித்தவர்கள், குடோனில் கூட இருந்தவர்கள் என்று ஒருவர் விடாமல் விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிகளில் பெயர் தெரியாமல் கிடந்தவர்களின் முகங்களைப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் போர்வையை விலக்குவது மெக்கானிக்தான். அவன் இல்லை என்று தெரிந்ததும் வெளியே வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிடுவார்.

வயரைப் பிடுங்கிய வேகத்தில் மெஷின் படுத்துவிட்டிருந்தது. மகன் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பான் என்று அவர் அதைத் துணியில் சுற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடை நடத்துகிறவள் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். ஈயப் புகைக்கு நடுவே கழுத்தைக் குனிந்தபடியே பேசுவாள். சரிசெய்து திரையில் மாட்டிக் காட்டினாள். மேல் மூலையில் கண்ணாடி போட்ட பூனைப் படம் ஒன்று வந்தது.

"இந்தப் பூனை உங்க பையனோட அடையாளம். அவர் கணக்கு இன்னும் இதுக்குள்ளயே இருக்கு அண்ணா" என்றாள். "விளையாடினது எல்லாம் நெட் வழியா கம்பெனி கம்ப்யூட்டர்ல பத்திரமா ஏறியிருக்கு. ஒண்ணும் போகல."

"வேற எங்கயாவது இருந்து அவன் இதைத் திறக்க முடியுமா?"

"எங்க இருந்து வேணா திறக்கலாம். ஆனா ஒரு கணக்கு ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் ஓடும். அவர் வேற இடத்துல திறந்தா இங்க இருக்கறது விட்டுக்கொடுத்துடும்."

"அப்படி ஆனா எனக்குத் தெரியுமா?"

"இது ஓடிக்கிட்டு இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பெட்டியைத் திருகத் தொடங்கினாள்.

மெக்கானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேற்கொண்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் மெஷின் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இன்னொருவரிடம் கேட்பது அவர் பிறவிக் குணத்தில் கிடையாது. எடை கூடினால் லிஃப்ட் நிற்கும், கதவு சரியாக மூடாவிட்டால் நிற்கும், கம்பி தளர்ந்தால் நிற்கும். விட்டுக்கொடுப்பது என்றால் இந்தப் பெட்டியும் பட்டென்று அணைந்துவிடும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் முறை போட்டுக்கொண்டார்கள். காலையில் அவர், சாயங்காலம் அவள். இருவரில் ஒருவர் வீட்டில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மெஷின் ஓட வேண்டும். சும்மா விட்டால் அது தூங்கிவிடும். அதனால் ஏதாவது விளையாட்டைத் திறந்து வைத்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாண்டு கடைசியாக விளையாடியது ஒரு தோட்ட விளையாட்டு. சின்ன வீடு, வேலி, வாசலில் ஒரு மரப்பலகை, நாலு பாத்தி, ஒரு கோழி. அவர் உட்கார்ந்தால் அதிலிருக்கிற ஆளை வேலியைச் சுற்றிச் சுற்றி நடக்கவிடுவார். அவளுக்கு அப்படி முடியவில்லை. மகன் போட்ட பாத்தி காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், எந்தப் பொத்தான் தண்ணீர் ஊற்றும் என்று தானாகவே கண்டுபிடித்து ஊற்றத் தொடங்கினாள். கோழியோடு பேசவும் ஆரம்பித்தாள்.

ஆனால் அந்த மெஷின் வாய் ஓயாத மெஷின். கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் பேட்டரி குறைகிறது என்று ஒரு பெட்டி வந்து நடுத்திரையில் நிற்கும். புதிதாக ஏதோ வந்திருக்கிறது, இறக்கிக்கொள் என்று இன்னொரு பெட்டி. வாங்கிக்கொள் என்று விளம்பரம். எல்லாம் அது பேசுகிற மொழியில். அவர் அந்த மொழியை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவளுக்கு அதுவும் வராது. ஒவ்வொரு பெட்டி வரும்போதும் பதறிப்போய் அவருக்குப் போன் போடுவாள். அவர் எங்கேயோ பத்தாவது மாடியில் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இருப்பார்.

"இங்க பாரு" என்று ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "எங்க வேலையில பேனல்ல எந்த விளக்கு எரிஞ்சாலும் முதல்ல ரீசெட் அடிப்போம். சும்மா வந்ததுன்னா போயிடும். நிஜமான கோளாறா இருந்தா திரும்பத் திரும்ப வரும், விடாது. அதனால எது வந்தாலும் கன்ட்ரோலர்ல இருக்கற பச்சைப் பொத்தானை அமுக்கு. மெஷின் தானா அணைஞ்சா மட்டும் எனக்குப் போன் பண்ணு."

"அணைஞ்சா வாண்டு வந்துட்டான்னு அர்த்தமா?"

"ஆமா. அணையுதான்னு மட்டும் பாரு."

அவள் தலையாட்டினாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அப்படியே செய்தாள்.

மாதங்கள் போயின. மெஷின் ஒரு தடவைகூடத் தானாக அணையவில்லை. மெக்கானிக்கின் கன்னம் ஒட்டிப்போயிற்று. வீடு திரும்பும்போது படியேறுகிற சத்தத்திலேயே, கேட்காமல் கேட்பார். அவள் உள்ளேயிருந்து "இல்லைங்க" என்பாள். அணையவில்லை என்றால் அவன் எங்கேயும் திறக்கவில்லை. விளையாட்டை உயிராக நினைத்தவன் இத்தனை நாள் திறக்காமல் இருக்கிறான் என்றால்? அந்தக் கேள்வியின் மீதியை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவருக்கு விடுப்பு கிடைத்த ஒரு பகல். அவர் தரையில் உட்கார்ந்து கன்ட்ரோலரை அசைத்துக்கொண்டிருந்தார். அவள் மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: "இப்பல்லாம் அந்த ரெண்டு டிவி படம் வர்றதே இல்ல. மெஷின் சரியாயிடுச்சு போல."

"எந்த ரெண்டு டிவி?"

"அதான், வருமே. இந்தப் பக்கம் ஒரு டிவி, அந்தப் பக்கம் ஒரு டிவி, நடுவுல அம்பு போட்டிருக்கும்." கத்தியை வைத்துவிட்டு, ஈரவிரலால் மேஜைமேல் வரைந்து காட்டினாள். "மேல நம்ம வாண்டோட பூனைகூட இருக்கும், கண்ணாடி போட்டது."

அவர் கை நின்றுவிட்டது. "எத்தனை தடவை வந்துச்சு?"

"கணக்கா வச்சேன்? நிறைய வந்துச்சு. சாயங்காலந்தான் வரும். சில நாள் அமுக்க அமுக்க வரும். நானும் விடல, அமுக்கிக்கிட்டே இருந்தேன். அப்புறம் போயிடும்."

"எப்பல இருந்து வரல?"

"போன மாசமே நின்னுடுச்சு. ஏன், என்ன?"

அவர் பழைய பில் ஒன்றின் பின்பக்கம் அந்தப் படத்தை அப்படியே வரைந்துகொண்டு, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் கீழே இறங்கினார். லிஃப்ட் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் ஓடினார்.

ரிப்பேர் கடைப் பெண் சால்டரிங் குச்சியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அந்தத் தாளைப் பார்த்தாள். முதன்முறையாகக் கழுத்தை நிமிர்த்தி அவர் முகத்தையும் பார்த்தாள்.

"இதுதான் அண்ணா நான் சொன்னது. உங்க கணக்கை வேற இடத்துல திறந்திருக்காங்கன்னு இது சொல்லுது."

"அணையாதா?"

"அணையாது. கேக்கும். விட்டுடுறியா, இல்ல நீயே எடுத்துக்கிறியான்னு கேக்கும். சிவப்பை அமுக்கினாலும், எதையும் அமுக்காம விட்டாலும் அவர் அங்க விளையாடிக்கிட்டு இருக்கலாம்."

"பச்சை?"

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "பச்சை அமுக்கினா கணக்கு இங்க வந்துடும். அங்க திறந்தவரை வெளிய தள்ளிடும்."

மெக்கானிக் கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மகன் உயிரோடு இருந்திருக்கிறான். போன மாதம்வரை, சாயங்காலம் சாயங்காலம், எங்கேயோ ஒரு கேம் பார்லரிலோ யாரோ ஒருவன் அறையிலோ உட்கார்ந்து, தன் தோட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறான். வந்து கதவைத் திறந்த உடனே வெளியே தள்ளப்பட்டிருக்கிறான். மறுபடி வந்தால் மறுபடி தள்ளு. யார் தள்ளுகிறார்கள் என்று அவன் நினைத்திருப்பான் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. வெளியே போய் விளையாடு என்று சொன்ன மனிதர், அங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டு போ போ என்கிறார் என்றுதான் நினைத்திருப்பான்.

"இப்ப வர்றதே இல்லையாம்" என்றார். "விட்டுட்டான். அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லாதீங்க. இது ஒண்ணைப் பாருங்க" என்றாள் அவள். "அவர் நினைச்சிருந்தா பாஸ்வேர்டை மாத்தி உங்களை அரை நிமிஷத்துல பூட்டியிருக்கலாம். இத்தனை தடவை வெளிய விழுந்தும் மாத்தல. இன்னைக்கும் உங்களால திறக்க முடியுது பாருங்க."

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. "அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அந்தத் தோட்டத்துல வாசல் பலகை இருக்குமே, அதுல எழுதலாம். இங்க எழுதினா அங்கயும் தெரியும். எழுதிட்டு அணைச்சு வச்சிடுங்க. நீங்க உள்ள இருந்தா அவர் வர முடியாது."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. ஆனால் கதவைத் திறந்ததுமே அவர் முகத்தைப் பார்த்து அவளே கேட்டாள்: "அந்த ரெண்டு டிவி அவன்தானே?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பச்சைப் பொத்தானையும் சொன்னார்.

அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். அழவில்லை. "அவன் வந்து தட்டத் தட்ட நான் சாத்தியிருக்கேன்" என்றாள். "சிரிச்சுக்கிட்டே சாத்தியிருக்கேங்க. கோழிக்குத் தீனி போட விடுறானா பாருன்னு இந்த மெஷினைத் திட்டிக்கிட்டே."

"நான் சொல்லித்தானே அமுக்கினே."

"நீங்க சொன்னா? என் புத்தி எங்க போச்சு? பூனையைப் பாத்தேன்ல. அவன் மூஞ்சிதான் அது, பாத்தேன்ல." அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் நின்றார். தொடவும் தைரியம் இல்லை, தள்ளிப் போகவும் முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "என்ன எழுதலாம்னு சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பலகையோ மகா கஞ்சப் பலகை. இரண்டு கை விரல்களை எண்ணினால் எழுத்து தீர்ந்துபோகும். அதுவும் மெஷின் பேசுகிற மொழியின் எழுத்தில்தான் எழுத வேண்டும். மன்னித்துக்கொள் என்று எழுத ஆரம்பித்தார். பாதியிலேயே இடம் முடிந்தது. வீட்டுக்கு வா என்று எழுதினார். அவள் வேண்டாம் என்றாள். "வீட்டுக்கு வரச் சொல்றவங்க எதுக்குத் தள்ளினாங்கன்னு கேப்பான். முதல்ல அதுக்குப் பதில் சொல்லணும்."

"அதுக்கு ஒரு பக்கம் எழுதணும்."

"வேணாம். 'அம்மாதான்'னு எழுதுங்க." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான்னு தெரிஞ்சா அவனுக்குப் புரிஞ்சிடும். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, எதையோ அமுக்கியிருப்பாங்கன்னு புரிஞ்சிடும். அப்பான்னு நினைச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் அவன் வரமாட்டான்."

அது சரிதான் என்று அவருக்குத் தெரிந்தது. சரியாக இருந்ததனால்தான் அத்தனை வலித்தது. மகனிடம் போய்ச் சேர வேண்டிய ஒரே வார்த்தையில் தனக்கு இடமில்லை. தான் இல்லை என்பதுதான் அந்த வார்த்தையின் பலமே. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அவரே பொறுக்கினார். எழுதி முடித்ததும் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிடச் சொன்னாள். ஊற்றினார். பிறகு மெஷினை அணைத்தார்கள்.

அணைத்து வைத்த நாட்கள் அதுவரை இருந்த நாட்களைவிட மோசமாக இருந்தன. முன்பாவது பார்த்துக்கொண்டிருக்க ஒரு திரை இருந்தது. இப்போது அவன் வந்து பலகையைப் படிக்கலாம், படித்துவிட்டுச் சிரிக்கலாம், அழலாம், வராமலே இருக்கலாம். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் போய்ப் பார்க்கிற அந்த நேரத்தில் அவன் உள்ளே இருந்தால் மறுபடியும் தள்ளியதாகிவிடும். சாயங்காலம் அவள் கோழிக்கு என்ன ஆயிற்றோ என்பாள். அவர் கேட்காதது மாதிரி இருப்பார்.

வேலையும் ஓடவில்லை. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று போனார்கள். பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பது வருஷமாக யோசிக்காமல் ரீசெட்டுக்குப் போன விரல், போகாமல் பாதியில் நின்றது. கூட்டாளி, "அமுக்குங்க, என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று அலுத்துக்கொண்டான். இவரோ என்ன ஃபால்ட், எந்த மாடியில், எத்தனை தடவை என்று பேனலில் பதிவானதை ஒன்றுவிடாமல் படித்தார். மூன்றாம் மாடிக் கதவு ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரோ அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர் அங்கேயே, மெஷின் ரூம் தரையில், முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டாளி தண்ணீர் கொண்டுவரப் போனான்.

அடுத்த வாரத்தில் ஒரு மாலை அவள்தான் தோற்றாள். "என்னால முடியலைங்க" என்றாள். "ஒரு பார்வை பாத்துட்டு அணைச்சிடலாம். பலகையில எதாவது எழுதியிருந்தான்னா? நாம பாக்காம விட்டா, அதையும் நாம பாக்கலைன்னு நினைப்பான்ல?"

அவருக்கும் அதே நினைப்புதான். மெஷினைப் போட்டார். பூனைப் படம் வந்தது. உள்ளே போகவா என்று கேட்டது, அவள் அமுக்கினாள். தோட்ட விளையாட்டின் பெயர் வந்து, கீழே ஒரு கோடு மெதுவாக நிரம்பத் தொடங்கியது. பாதிகூட நிரம்பியிருக்காது.

நடுத்திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்தப் பக்கம் ஒரு டிவி, அந்தப் பக்கம் ஒரு டிவி, நடுவில் அம்பு. மேலே கண்ணாடி போட்ட பூனை.

அவள் கட்டைவிரல் தானாகவே பச்சைக்குப் போனது. மெக்கானிக் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் இருவர் தலையும் மோதிக்கொண்டன.

"உயிரோட இருக்கான்" என்றார். "உயிரோட இருக்கான்மா. இப்ப, இந்த நிமிஷம் இருக்கான்."

அவர் மேலும் யோசித்துப் பார்த்துச் சொன்னார். "போட்ட உடனே பெட்டி வருதுன்னா, நாம போடும்போது அவன் உள்ளதான் இருந்திருக்கான். நாமதான் இப்பவும் தள்ளிட்டோம். தள்ளினதும் திரும்பி வந்துட்டான்."

"அப்ப பலகையைப் பாத்திருப்பான்?"

"தெரியல."

"உள்ள போனாத் தெரியும்ல? ஒரே ஒரு தடவைங்க. போய்ப் பாத்துட்டு உடனே வந்துடலாம். எதாவது எழுதியிருக்கானான்னு மட்டும்."

அந்தப் பலகை ஒரு விரல் தூரத்தில் இருந்தது. அதில் வரேன் என்று இருக்கலாம். வராதீங்க என்று இருக்கலாம். அம்மாதான் என்பது யாரும் தொடாமல் அப்படியே இருக்கலாம். பச்சையை அமுக்கினால் தெரிந்துவிடும். அவன் மறுபடி வெளியே விழுவான். இன்னொரு தடவை எழுந்து வருவானா என்பதை யார் கண்டார்கள்?

"நாம போனா அவன் இருக்க முடியாதும்மா" என்றார்.

அவர் தொழிலில் ஒரு விஷயத்துக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. ஷாஃப்ட்டுக்குள் ஆள் இருக்கும்போது வெளியே இருக்கிறவன் எதையும் தொடக் கூடாது. தொட மாட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவர் மனைவியின் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கினார். முதுகுப்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரிகளை வெளியே எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் அவர் பையையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எவ்வளவு நேரம் விளையாடுவான்?"

"அவன் இஷ்டம்" என்றார் அவர்.

திரையில் அந்தப் பெட்டி பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தது. இருவரும் அதன் முன்னால், மகன் விளையாடி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.